மீன் ஏலத்துக்கும் சுபுஹுக்கும் நடுவில்: நஃபில் (உபரித்) தொழுகைகளின் நேரம் பற்றி ஒரு கேள்வி

காசிமேட்டுக்காரன் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். நான் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலத்தில் மீன் எடுத்துக் கடைகளுக்கு அனுப்பும் வேலையைப் பதினொரு ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். இரவின் கடமைத் தொழுகையான இஷாவைத் தொழுதுவிட்டு ஒன்பது மணிக்குப் படுத்து, ஒன்றரை மணிக்கு எழுந்து, இரண்டு மணிக்கு வீட்டிலிருந்து கிளம்புவேன். பெட்டிகளில் ஐஸ் போட்டு வண்டியை அனுப்பிய பிறகு, பையில் வைத்திருக்கும் வேறு சட்டையையும் கைலியையும் மாற்றிக்கொண்டு ராயபுரம் பக்கம் உள்ள ஒரு பள்ளிவாசலுக்கு சுபுஹு (அதிகாலைத் தொழுகை) தொழச் செல்வேன். பெரும்பாலான நாட்களில் நான் ஒளு செய்து உள்ளே நுழையும்போது இகாமத் (கூட்டுத் தொழுகை தொடங்கும் அறிவிப்பு) சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

சென்ற வாரம் நடந்ததைச் சொல்கிறேன். முன் சுன்னத் (கடமைத் தொழுகைக்கு முன் நபிவழியாகத் தொழுவது) தொழ நேரமில்லாமல் நேராக ஜமாஅத்தில் (கூட்டுத் தொழுகையில்) சேர்ந்தேன். சலாம் கொடுத்து அதை முடித்த பிறகு, விட்டுப்போன இரண்டு ரக்அத்தைத் (தொழுகையின் சுற்று) தொழலாம் என்று எழுந்து தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கினேன். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் என் முழங்கையைத் தொட்டு, "இந்த நேரத்தில் தொழக்கூடாது, உட்காருங்கள்" என்றார். அதே வரிசையில் இருந்த இன்னொருவர், "விடுங்கள் பாய், ஷாஃபிஈயில் கூடும்" என்றார். எனக்கு முகமெல்லாம் சூடாகி, தொழுகையை அப்படியே முறித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அன்று முழுவதும் அது மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. ஷாஃபிஈயும் ஹனஃபியும் இரண்டு மத்ஹபுகள், அதாவது சட்ட வழிமுறைகள்; நான் ஹனஃபி குடும்பத்தில் பிறந்தவன். ஆனால் முறையாக எதையும் படித்தவன் அல்லன்.

எனவே விவரம் தெரிந்தவர்களிடம் கேட்கிறேன். விட்டுப்போன சுபுஹு சுன்னத்தை எப்போது தொழ வேண்டும்? நான் முறித்த அந்தத் தொழுகைக்கு என்ன செய்வது? சனிக்கிழமை இரவுகளில், மறுநாள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்காக நான் தூங்காமலேயே துறைமுகத்தில் இருப்பேன். அன்று நடு இரவுக்குப் பின் தொழுதால் அது தஹஜ்ஜுத் (பின்னிரவு உபரித் தொழுகை) ஆகுமா? இருபது வயது வரை நான் விட்ட தொழுகைகள் ஏராளம். அந்தக் கழா (விட்டதைப் பின்னர் நிறைவேற்றுவது) பாக்கி இருக்கும்போது நஃபில் தொழுவதே சரிதானா என்ற சந்தேகமும் எனக்கு உண்டு.

மண்ணடிவாசி எழுதியது:

வ அலைக்கும் ஸலாம். மதரஸாவில் சில ஆண்டுகள் ஓதியவன் என்ற முறையில், பாடத்தில் படித்ததை எழுதுகிறேன். உங்கள் நிலைமைக்கான தீர்ப்பை உங்கள் பள்ளி இமாமிடம் ஒரு முறை நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில், உங்களைத் தடுத்தவரும் தொழச் சொன்னவரும் தத்தம் மத்ஹபின்படி சரியாகவே பேசினார்கள் என்பதை அறிந்துகொள்ளுங்கள். சுபுஹு ஃபர்ளுக்கு (கடமைத் தொழுகைக்கு)ப் பின் சூரியன் உதிக்கும் வரையிலும், அஸர் (மாலைத் தொழுகை) ஃபர்ளுக்குப் பின் சூரியன் மறையும் வரையிலும் தொழுகை இல்லை என்று நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸ், அபூ ஸஈத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் வழியாக புகாரி, முஸ்லிம் ஆகிய ஹதீஸ் தொகுப்புகளில் வந்திருக்கிறது. இது தவிர, சூரியன் உதித்து உயரும் வரை, உச்சியில் நிற்கும்போது, மறையச் சாயும்போது ஆகிய மூன்று நேரங்களில் தொழுவதும் ஜனாஸாவை அடக்குவதும் தடுக்கப்பட்டதாக உக்பா இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது. உதயமும் அஸ்தமனமும் சூரியனை வணங்குகிறவர்கள் அதற்கு ஸஜ்தா செய்யும் வேளை என்ற காரணமும் இன்னொரு ஹதீஸில் சொல்லப்படுகிறது.

இந்த ஹதீஸ்களை இரு மத்ஹபுகளும் ஏற்கின்றன. எந்தத் தொழுகைக்கு விலக்கு என்பதில்தான் கருத்து பிரிகிறது. ஒரு தொழுகைக்கு ஏற்கெனவே நடந்த காரணம் ஒன்று இருந்தால், அதாவது பள்ளிக்குள் நுழைந்ததற்கான காணிக்கைத் தொழுகை, விட்டுப்போனதைக் கழா செய்வது, கிரகணத் தொழுகை போன்றவையாக இருந்தால், அதை இந்த நேரங்களிலும் தொழலாம் என்பது ஷாஃபிஈ மத்ஹப். சுபுஹுக்குப் பின் இரண்டு ரக்அத் தொழுத ஒரு தோழரை நபியவர்கள் விசாரித்து, அது விட்டுப்போன சுன்னத் என்று தெரிந்ததும் கண்டிக்காமல் விட்ட செய்தி திர்மிதியிலும் அபூதாவூதிலும் இருக்கிறது. அதையும் அவர்கள் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். ஹனஃபி மத்ஹபோ தடையின் பொதுத்தன்மையைப் பிடித்துக்கொள்கிறது. சுபுஹு ஸாதிக் (வைகறை வெளிச்சம்) ஆன பிறகு சுபுஹின் இரண்டு ரக்அத் சுன்னத்தைத் தவிர வேறு நஃபில் கிடையாது. ஃபர்ளு முடிந்த பிறகு, விட்டுப்போன அந்தச் சுன்னத்தும் சூரியன் உதித்து உயரும் வரை கிடையாது.

சூரியன் உயர்ந்த பிறகாவது அதைத் தொழலாமா என்பதில் ஹனஃபி இமாம்களுக்குள்ளேயே வேறுபாடு உண்டு. ஃபர்ளை ஜமாஅத்தோடு தொழுதுவிட்ட நிலையில் சுன்னத்தை மட்டும் தனியாகக் கழா செய்வதில்லை என்பது இமாம் அபூஹனீஃபா, இமாம் அபூயூஸுஃப் ஆகியோரின் கருத்து. சூரியன் உயர்ந்தது முதல் உச்சிக்கு வருவதற்கு முன்பு வரை தொழுதுகொள்வதே விருப்பமானது என்பது இமாம் முஹம்மதின் கருத்து. "சுபுஹின் இரண்டு ரக்அத் இவ்வுலகையும் அதில் உள்ளவற்றையும்விட மேலானது" என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸை நினைத்தால், இமாம் முஹம்மதின் சொல்லை எடுத்துக்கொள்வதுதான் மனத்துக்கு நிறைவாக இருக்கிறது.

நீங்கள் முறித்த தொழுகை பற்றி: தொடங்கிய நஃபிலை நிறைவேற்றுவது ஹனஃபியில் வாஜிப் (கட்டாயம்). மக்ரூஹான (வெறுக்கப்பட்ட) நேரத்தில் தொடங்கியிருந்தால் அதை முறித்துவிட்டு, ஆகுமான வேறொரு நேரத்தில் தொழ வேண்டும். எனவே நீங்கள் முறித்ததில் குற்றமில்லை. ஒரு நாள் காலை பத்து மணிக்கு இரண்டு ரக்அத் தொழுதுவிடுங்கள், பாக்கி தீர்ந்துவிடும். அந்தப் பெரியவர் நீங்கள் சலாம் கொடுக்கும் வரை பொறுத்திருந்து மெல்லச் சொல்லியிருக்கலாம் என்பது என் கருத்து. தக்பீர் கட்டியவரின் கையைத் தொடுவதற்கு அங்கே அவசரம் எதுவும் இல்லை.

இனி, இகாமத் நேரத்தில் நுழைவது. இகாமத் சொல்லப்பட்டால் ஃபர்ளைத் தவிர வேறு தொழுகை இல்லை என்ற ஹதீஸ் முஸ்லிமில் உண்டு. ஷாஃபிஈகள் அதன்படி உடனே ஜமாஅத்தில் சேர்ந்துவிடுவார்கள். ஹனஃபியில், ஜமாஅத் தவறிவிடாது என்ற உறுதி இருந்தால், சுபுஹு சுன்னத்தை மட்டும் ஸஃப்புகளை (தொழுகை வரிசைகளை) விட்டு விலகி வராந்தாவிலோ தூணுக்குப் பின்னாலோ சுருக்கமாகத் தொழுதுவிட்டுச் சேர அனுமதி இருக்கிறது. நபியவர்கள் அந்த இரண்டு ரக்அத்தில் காஃபிரூன், இக்லாஸ் ஆகிய சிறிய சூராக்களை ஓதியிருக்கிறார்கள். ஆகவே சுருக்குவது அந்தத் தொழுகையின் இயல்புதான். ஆனால் இமாமுக்கு நேர் பின்னால், ஜமாஅத் நடக்கும் வரிசையிலேயே நின்றுகொண்டு தனித் தொழுகை தொழுவதை எந்த மத்ஹபும் விரும்பவில்லை.

கல்மண்டபம் மாணவன் எழுதியது:

மண்ணடிவாசி அவர்களின் விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஒரே ஒரு சந்தேகம். "உங்களில் ஒருவர் பள்ளிக்குள் நுழைந்தால் இரண்டு ரக்அத் தொழாமல் உட்கார வேண்டாம்" என்ற அபூ கதாதா (ரலி) அவர்களின் ஹதீஸும் புகாரியில்தானே இருக்கிறது? நான் அஸர் தொழுதுவிட்டு, மஃரிபுக்கு (சூரியன் மறைந்ததும் தொழும் தொழுகைக்கு) அரை மணி நேரம் இருக்கும்போது குர்ஆன் வகுப்புக்காகப் பள்ளிக்கு வருகிறேன். உட்காரவும் முடியாமல் தொழவும் முடியாமல் நிற்க வேண்டியிருக்கிறது.

மண்ணடிவாசி எழுதியது:

நல்ல கேள்வி. இரண்டு பொதுவான கட்டளைகள் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் இது. நேரத்தைப் பற்றிய தடையை முன்னால் வைத்தவர்கள் ஹனஃபிகள். நுழைவைப் பற்றிய கட்டளையை முன்னால் வைத்தவர்கள் ஷாஃபிஈகள். நீங்கள் ஷாஃபிஈயாக இருந்தால் தொழுதுவிட்டு உட்காருங்கள். ஆனால் அந்த நேரத்தில் தொழுவதற்கென்றே திட்டமிட்டு உள்ளே நுழையக் கூடாது என்ற நிபந்தனை அவர்களிடமும் உண்டு. ஹனஃபியாக இருந்தால் தஸ்பீஹ் ஓதியபடி உட்கார்ந்துவிடுங்கள். அதில் குறை எதுவும் இல்லை. இந்தத் தடை அஸர் வக்து (நேரம்) வந்ததும் தொடங்குவதில்லை, நீங்கள் அஸர் ஃபர்ளைத் தொழுத பிறகே தொடங்குகிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. வக்து வந்தும் ஃபர்ளு தொழாதவர், அதற்கு முன் நான்கு ரக்அத் சுன்னத் தொழுவது இரு மத்ஹபிலும் ஆகும்.

தண்டையார்பேட்டை உம்மா எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும் தம்பி. என் வீட்டுக்காரர் முப்பது ஆண்டுகள் இரவுப் பணி பார்த்தவர்; ஆகவே உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது. நீங்கள் கேட்ட தஹஜ்ஜுதைப் பற்றி எழுதுகிறேன்.

தஹஜ்ஜுத் என்பது இஷாவுக்குப் பின் சற்றாவது தூங்கி எழுந்து தொழுவது என்றே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். வார நாட்களில் நீங்கள் ஒன்பது மணிக்குப் படுத்து ஒன்றரைக்கு எழுகிறீர்கள். மற்றவர்கள் அலாரம் வைத்தும் எழ முடியாத நேரத்தில் பிழைப்பே உங்களை எழுப்பிவிடுகிறது. மஃரிபிலிருந்து சுபுஹு ஸாதிக் வரை உள்ள இரவை மூன்றாகப் பிரித்தால், இறைவன் அடியார்களின் துஆவுக்கு விடையளிக்கும் நேரமாக ஹதீஸில் வரும் கடைசிப் பகுதி கிடைக்கும். ஏப்ரல் முதல் வாரத்தில் சென்னையில் மஃரிப் சுமார் 6.20, சுபுஹு சுமார் 4.50. இடையில் பத்தரை மணி நேரம். அதில் மூன்றில் ஒன்று மூன்றரை மணி நேரம். அப்படியானால் கடைசிப் பகுதி 1.20க்குத் தொடங்குகிறது. மாதத்துக்கு மாதம் சற்று மாறினாலும், நம் ஊரில் ஒரு மணிக்கும் ஒன்றே முக்காலுக்கும் இடையிலேயே அது தொடங்கிவிடும். பல் துலக்கி ஒளு செய்து, கிளம்பும் முன் இரண்டு ரக்அத் தொழ உங்களுக்கு அரை மணி நேரம் இருக்கிறது. எங்கள் வீட்டில் அரிசி டிரம்முக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முஸல்லா விரிக்கத்தான் இடம் இருந்தது. அவர் அந்த இடத்தில்தான் இத்தனை ஆண்டுகளும் தொழுதார். ஃபர்ளைத் தவிர மற்றத் தொழுகைகளுக்கு வீடே சிறந்தது என்று ஹதீஸில் வந்திருப்பதால், இடம் குறுகலாக இருக்கிறதே என்று நீங்கள் தயங்க வேண்டாம்.

சனிக்கிழமை இரவு தூங்காமல் தொழுதால், அதற்குத் தஹஜ்ஜுத் என்ற பெயர் பொருந்தாமல் போகலாம். ஆனாலும் அது கியாமுல் லைல், இரவுத் தொழுகைதான். அதன் நன்மை குறையும் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். வித்ரு (இஷாவுக்குப் பின் ஒற்றைப்படை ரக்அத்தாகத் தொழுவது) விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். இரவின் கடைசியில் எழ முடியாது என்று பயப்படுகிறவர் முன்னிரவிலேயே வித்ரு தொழட்டும், எழுவேன் என்று நம்புகிறவர் கடைசியில் தொழட்டும் என்று ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸில் இருக்கிறது. நமக்கு வித்ரு வாஜிப் என்பதால் அதைப் பணயம் வைக்கக் கூடாது. உடம்பு அசதியாக இருக்கும் நாளில் இஷாவோடு தொழுதுவிட்டுப் படுங்கள். பிறகு எழுந்துவிட்டால் தஹஜ்ஜுத் மட்டும் தொழுதால் போதும். ஓர் இரவில் இரண்டு வித்ரு கிடையாது.

ஒரு நாள் அயர்ந்து தூங்கிவிட்டால் அதற்கும் வழி உண்டு. நோயோ தூக்கமோ மேலிட்டு நபியவர்களுக்கு இரவுத் தொழுகை தவறினால், பகலில் பன்னிரண்டு ரக்அத் தொழுவார்கள் என்று ஆயிஷா நாயகி (ரலி) சொல்லியிருக்கிறார்கள். இரவில் ஓத வேண்டியதை ஓதாமல் தூங்கியவர், சுபுஹுக்கும் லுஹருக்கும் (நண்பகல் தொழுகைக்கும்) இடையில் ஓதினால் இரவில் ஓதியதாகவே எழுதப்படும் என்ற ஹதீஸும் முஸ்லிமில் இருக்கிறது. இதைக் கேட்ட பிறகுதான் என் வீட்டுக்காரரின் முகத்தில் நிம்மதியைப் பார்த்தேன். அதற்கு முன்பெல்லாம் ஒரு நாள் தவறினால் நான்கு நாள் சோர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் வருமே, அந்த 61 நாள்தான் உங்களுக்குச் சோதனை என்று நினைக்கிறேன். வேலை எழுப்பாது, நீங்களாக எழ வேண்டியிருக்கும். எனவே இப்போதே எட்டு ரக்அத், பன்னிரண்டு ரக்அத் என்று ஏற்றிக்கொள்ளாமல், தடைக்காலத்திலும் விடாமல் செய்யக்கூடிய அளவை வைத்துக்கொள்ளுங்கள். குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு மிகவும் விருப்பமானது என்பது நபிமொழி.

மண்ணடிவாசி எழுதியது:

உம்மா அவர்களுக்கு ஜஸாகல்லாஹு கைரன். கழா பற்றிய கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை என்பதால் சேர்க்கிறேன்.

காரணமில்லாமல் விட்ட கழா உள்ளவர், அதை முடிக்கும் வரை நஃபிலில் நேரம் செலவிடக் கூடாது என்று ஷாஃபிஈ நூல்கள் கண்டிப்பாகச் சொல்கின்றன. ஹனஃபி நூல்கள் கழாவுக்கே முதலிடம் கொடுக்கின்றன; ஆனால் ஃபர்ளோடு சேர்ந்த முஅக்கதாவான (வலியுறுத்தப்பட்ட) சுன்னத்துகளை அதற்காக விட வேண்டாம் என்கின்றன. அதாவது லுஹருக்கு முன் நான்கு, பின் இரண்டு, மஃரிபுக்குப் பின் இரண்டு, இஷாவுக்குப் பின் இரண்டு, சுபுஹுக்கு முன் இரண்டு ஆகிய பன்னிரண்டு ரக்அத்துகளை. இவற்றைத் தொடர்ந்து தொழுபவருக்குச் சொர்க்கத்தில் ஒரு வீடு கட்டப்படும் என்பது உம்மு ஹபீபா (ரலி) அவர்கள் வழியாக வந்த ஹதீஸ். ளுஹா (முற்பகல் தொழுகை), தஹஜ்ஜுத் போன்று ஹதீஸில் பெயர் சொல்லி வந்தவற்றையும் விட வேண்டாம். மற்றபடி பொதுவான நஃபிலுக்குச் செலவிடும் நேரத்தைக் கழாவுக்குக் கொடுங்கள்.

உங்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது ஒன்று இருக்கிறது. சுபுஹு ஃபர்ளுக்குப் பின் நஃபில்தான் தடை. கழாவுக்கு அப்போது தடையில்லை. அஸருக்குப் பின், வெயில் மஞ்சளாவதற்கு முன்பும் அப்படியே. ஹனஃபியில் கழாவுக்கும் தடை உள்ளவை அந்த மூன்று நேரங்கள் மட்டுமே: உதயம், உச்சி, அஸ்தமனம். ஆகவே சுபுஹு ஜமாஅத் முடிந்து சூரியன் உதிக்க முப்பது நாற்பது நிமிடம் இருந்தால், அன்றைக்கு ஒரு சுபுஹையும் ஒரு லுஹரையும் கழா செய்துவிடலாம். "என் மேல் பாக்கியுள்ள முதல் சுபுஹு" என்று நிய்யத் (மன எண்ணம்) வைத்தால், தேதி தெரியாத கழாவும் வரிசையாகக் குறைந்துகொண்டு வரும். விட்ட தொழுகைகளை ஊரறியக் காட்ட வேண்டியதில்லை என்பதால், இதை வீட்டுக்குப் போய்த் தொழுவது நல்லது. பள்ளியில் தொழுதால் அந்தப் பெரியவர் மறுபடியும் முழங்கையைத் தொடக்கூடும். அவருக்கு உங்கள் நிய்யத் தெரியாது அல்லவா.

காசிமேட்டுக்காரன் எழுதியது:

அனைவருக்கும் ஜஸாகல்லாஹு கைரன். உம்மா, உங்கள் கணக்கைக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டேன். இன்று 1.35க்கு இரண்டு ரக்அத்தும் வித்ரும் தொழுதுவிட்டுத்தான் கிளம்பினேன். சுபுஹுக்குப் பின் வீட்டுக்கு வந்து ஒரு கழாவும் தொழுதேன். அந்த நேரத்தில் தொழுவதற்கு ஒன்று இருக்கிறது என்பதே எனக்கு இத்தனை நாள் தெரியாது.

கடைசியாக ஒன்று. ஏழு மணிக்குமேல் என்னால் கண் விழித்திருக்க முடியாது. குளிர்காலத்தில் சூரியன் ஆறரைக்கு உதிக்கும்போது இஷ்ராக் (உதயத்துக்குப் பின் தொழும் நஃபில்) வரை காத்திருப்பது கடினமாக இருக்கிறது. தூங்கி எழுந்து 11.50க்கு ளுஹா தொழலாமா?

மண்ணடிவாசி எழுதியது:

சூரியன் உதித்துப் பதினைந்து இருபது நிமிடம் ஆனது முதல் உச்சிக்கு வருவதற்கு முன்பு வரை ளுஹாவின் நேரம்தான். வெயில் சுட்டு, ஒட்டகக் குட்டிகள் நிற்க முடியாமல் படுக்கும் பிற்பகுதியே அதற்குச் சிறந்தது என்று ஸைத் இப்னு அர்கம் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. எனவே இஷ்ராக்குக்குக் காத்திருக்க முடியாததை எண்ணி வருந்த வேண்டாம். தூங்கி எழுந்து தொழுவதே ளுஹாவின் நல்ல நேரத்தில் அமைகிறது.

ஆனால் 11.50 என்று ஒரே நேரத்தை ஆண்டு முழுவதும் வைத்துக்கொள்ள முடியாது. சென்னையில் சூரியன் உச்சிக்கு வருவது பிப்ரவரி நடுவில் சுமார் 12.23, நவம்பர் தொடக்கத்தில் சுமார் 11.53. பிப்ரவரியில் நீங்கள் 11.50க்கு நிம்மதியாகத் தொழலாம். நவம்பரில் அதே 11.50க்குத் தக்பீர் கட்டினால் தடுக்கப்பட்ட நேரத்துக்குள் போய்விடுவீர்கள். பள்ளியில் மாட்டியிருக்கும் வக்து அட்டவணையில் லுஹர் தொடங்கும் நேரத்தைப் பார்த்து, அதற்குக் கால் மணி நேரம் முன்னதாகவே சலாம் கொடுத்துவிடுங்கள். அலாரத்தை 11.15க்கு வைத்தால் எல்லா மாதத்துக்கும் சரியாக இருக்கும்.